சாக்ஸுக்குக் கைராசி தேவையில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.

பல வண்ண நூலில் பின்னிய சாக்ஸ் படத்தை நான் போடும்போதெல்லாம், "உங்களுக்குக் கைராசி டீச்சர், எனக்குக் கலர் எல்லாம் ஒரே இடத்துல போய் அடைஞ்சுக்குது" என்று யாராவது எழுதுகிறீர்கள். அன்பில் சொல்வது புரிகிறது. ஆனால் அந்தக் 'கைராசி' என்ற சொல்லை மட்டும் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

பின்னாதவர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த நூலில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறங்கள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வரும்படி சாயமிட்டிருப்பார்கள். சிட்டமாகத் தொங்கும்போது கண்ணைப் பறிக்கும். சாக்ஸாகப் பின்னும்போது சில நேரம் ஒரு நிறம் ஒரே பக்கத்தில் திட்டாகத் தேங்கிவிடும். இதைப் 'பூலிங்' என்பார்கள். நிறம் குளம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் கட்டுகிறது? சாக்ஸை வட்டமாகப் பின்னுகிறோம். ஒரு சுற்றுக்கு 64 கண்ணி. மெல்லிய சாக்ஸ் நூலில் ஒரு கண்ணிக்குச் சுமார் ஒரு செ.மீ. நூல் போகும். ஆக ஒரு சுற்றுக்கு 64 செ.மீ. உங்கள் நூலில் நான்கு நிறமும் தலா 32 செ.மீ. என்றால், 128 செ.மீ.க்கு ஒருமுறை சிவப்பு திரும்பி வரும். 128 என்பது சரியாக இரண்டு சுற்று. முதல் சுற்றில் முன்பக்கம் சிவப்பு, பின்பக்கம் மஞ்சள். இரண்டாவதில் முன்பக்கம் பச்சை, பின்பக்கம் நீலம். மூன்றாவதில் மறுபடியும் முன்பக்கம் சிவப்பு. கடைசிவரை இப்படியே போனால் நீலம் முன்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. இதில் உங்கள் கை என்ன செய்யும்? 128ஐ 64 மீதியில்லாமல் வகுக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது 60 கண்ணி போடுங்கள். இரண்டு சுற்றுக்கு 120 செ.மீ. போகும், 8 செ.மீ. மிச்சம். நிறங்கள் இரண்டு சுற்றுக்கு எட்டுக் கண்ணி வீதம் நகர்ந்து, காலைச் சுற்றிப் படிக்கட்டு மாதிரி ஏறும். பழைய இடத்துக்குத் திரும்ப 32 சுற்று ஆகும். 60, 128 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 1920. அதை 60ஆல் வகுத்துப் பாருங்கள். ஏழாம் வகுப்பில் "இது எதுக்கு டீச்சர் உதவும்?" என்று கேட்டவர்களுக்கு இதுதான் என் தாமதமான பதில்.

கண்ணியைக் குறைத்தால் கால் நுழையாது என்பவர்கள் ஊசியை மாற்றலாம். 2.25 மி.மீ. ஊசிக்குப் பதில் 2.5 எடுத்தால் கண்ணி கொஞ்சம் பெரிதாகும். கண்ணிக்கு அரை மி.மீ. கூடினாலே சுற்றுக்கு 3.2 செ.மீ. கூடிவிடும், குளம் கலைய அது போதும். இல்லையா, இரண்டு உருண்டை வைத்துக்கொண்டு சுற்றுக்கு ஒன்றாக மாற்றிப் பின்னுங்கள். குதிகால் பகுதியில் கண்ணிகள் கூடிக் குறைவதால் அங்கே வரிசை கலையும். அதற்கும் வழி உண்டு. எலிசபெத் சிம்மர்மன் பரப்பிய முறைப்படி காலை நேராகப் பின்னி முடித்துவிட்டு, குதிகாலைப் பிறகு தனி நூலில் சேர்க்கலாம்.

குஜராத்தில் பாட்டன் பட்டோலா நெய்பவர்கள் பாவு, ஊடை இரண்டையுமே தறிக்குப் போகும் முன்பே கட்டிக் கட்டிச் சாயமிடுகிறார்கள். தறியில் பூவும் யானையும் இடம் பிசகாமல் வந்து சேர்கின்றன. ராசியை நம்பி யாராவது அப்படிப் பட்டில் கை வைப்பார்களா?

ஒரு சாக்ஸுக்கு இத்தனை பேச்சா என்று என் நாத்தனார் கேட்பார். சாக்ஸோடு முடிந்தால் நானும் பேசியிருக்க மாட்டேன். வெளிநாட்டில் இருக்கும் ஒரு மாணவி, குளம் கட்டிய ஒற்றைச் சாக்ஸைப் பெட்டியில் போட்டுவிட்டு, "நமக்கு இதெல்லாம் வராது டீச்சர்" என்று எழுதியிருந்தாள். இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. "எங்க வீட்டுல யாருக்குமே கணக்கு வராது" என்று பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொன்ன அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டுக்கொண்டு நின்ற பிள்ளை அதை அப்படியே நம்பிவிடும், குறிப்பாகப் பெண் பிள்ளை. கைராசி என்று என்னைப் புகழ்வதும், வராது என்று உங்களைத் தாழ்த்திக்கொள்வதும் ஒரே பேச்சின் இரண்டு பக்கம். இரண்டுமே அளவுநாடாவை எடுக்கவிடாது.

கணக்குப் போட்டால் பின்னலின் சுகமே போய்விடும், நிறம் விழுகிறபடி விழட்டும் என்று சிலர் சொல்கிறீர்கள். தாராளமாக விழட்டும். எனக்கும் அது பிடிக்கும். இரண்டு சாக்ஸும் இரட்டைப் பிள்ளைகளாக இருக்க வேண்டியதில்லை, அக்கா தங்கையாக இருந்தால் போதும் என்பதே என் கட்சி. ஆனால் தெரிந்து விடுவது வேறு, முடியாது என்று விடுவது வேறு.

ஆகவே வீட்டுப்பாடம். நூலை மேசையில் நீட்டி, ஒரு சிவப்பு தொடங்கும் இடத்திலிருந்து அடுத்த சிவப்பு தொடங்கும் இடம்வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு நாலைந்து சுற்றுப் பின்னி, கடைசிச் சுற்றை மட்டும் பிரித்து அந்த நூலையும் அளங்கள். இரண்டு எண்ணையும் கீழே எழுதுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வகுத்தலை அவர்களிடம் கொடுங்கள். விடையை நான் திருத்தித் தருகிறேன். சிவப்பு மை இன்னும் தீரவில்லை.