மாற்றுக் கருத்துக்குச் செவி கொடுப்போம்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் கோட்டக்குப்பம் வந்துவிடும். அதுவரை புதுச்சேரி, அங்கிருந்து தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். ஆட்சி எல்லை அப்படி. மக்களின் அன்றாட வாழ்வில் அந்த எல்லையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. இசுலாமியச் சகோதரர்கள் மிகுதியாக வாழும் கோட்டக்குப்பமும், அதையொட்டிய மீனவக் குப்பங்களும், வடக்கே மரக்காணத்து உப்பளங்கள் வரையுள்ள சிற்றூர்களும் ஒரே சாலையை நம்பி வாழ்கின்றன. ஒரே பேருந்தில் ஏறுகிறோம். ஒரே தேநீர்க் கடையில் நாளிதழ் படிக்கிறோம்.

அப்படியொரு தேநீர்க் கடையில் நாள்தோறும் காலையில் சந்திக்கும் நண்பர்கள் இருவரை நாம் அறிவோம். ஒருவர் நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். மற்றவர் கோட்டக்குப்பத்துப் பெரியவர். எல்லாரும் அவரை 'பாய்' என்றே அழைப்பார்கள். கிறிஸ்துமசுக்கு இங்கிருந்து கேக் போகும். ரம்சானுக்கு அங்கிருந்து பிரியாணி வரும். 2025 ஏப்ரல் முதல் வாரத்தில் இந்த நட்பு ஏறக்குறைய முறிந்தே போனது. காரணம் குடும்பச் சண்டையோ, கொடுக்கல் வாங்கலோ அல்ல. தில்லியில் நிறைவேறிய ஒரு சட்டம்.

வக்பு திருத்த மசோதா அந்த வாரத்தில்தான் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. ஏப்ரல் 5 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். "இது வந்தாதான் பாய் முனம்பத்து ஜனங்களுக்கு விடிவு" என்றார் நம்மவர். "அப்போ எங்க பள்ளிவாசல் சொத்துல யார் வேணும்னாலும் வந்து உக்காரலாமா சார்? நீங்களுமா இப்படிப் பேசறீங்க?" என்றார் பாய். குரல்கள் உயர்ந்தன. பிறகு ஏறக்குறைய மூன்று வாரம், ஒருவர் கடைக்கு வரும் நேரத்தில் மற்றவர் வரவில்லை.

இது இவ்விருவரின் கதை மட்டும்தானா? திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும்போதும், வலை பின்னும் இடத்திலும், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் நமக்கும் இதே அனுபவம் உண்டு. எனவே இந்தச் சண்டையைச் சற்றுப் பொறுமையாக ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

நம்மவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்துக் கடற்கரையில் உள்ளது முனம்பம். அங்கே சுமார் 600 குடும்பங்கள் வாழ்கின்றன. பெரும்பாலோர் இலத்தீன் ரீதிக் கத்தோலிக்க மீனவர்கள். இந்துக் குடும்பங்களும் உண்டு. 1950-ஆம் ஆண்டு சித்திக் சேட் என்பவர் கோழிக்கோடு பரூக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்த நிலம் அது. பின்னாளில் கல்லூரியிடம் பணம் கொடுத்து வாங்கியதாக மக்கள் கூறுகிறார்கள். ஆனால் 2019-இல் கேரள வக்பு வாரியம் அந்நிலத்தை வக்பு சொத்தாகப் பதிவு செய்தது. வீடு இருந்தும் விற்கவோ அடகு வைக்கவோ முடியாத நிலை. 2024 அக்டோபரில் அங்குள்ள வேளாங்கண்ணி மாதா ஆலய வளாகத்தில் தொடர் உண்ணாநோன்பு தொடங்கினார்கள். 2025 மார்ச் இறுதியில் கேரள ஆயர் பேரவையும் இந்திய ஆயர் பேரவையும் அம்மக்களுக்காகக் குரல் கொடுத்தன. ஒரு சொத்து வக்பு சொத்தா இல்லையா என்பதை வாரியமே முடிவு செய்ய இடமளித்த, 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு நீங்கவேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்து பிறந்ததே. புதிய சட்டம் அதை நீக்கியது.

பாய் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. புதிய சட்டம் வக்பு வாரியங்களில் இசுலாமியர் அல்லாதவர்களுக்கும் இடம் அளித்தது. ஐந்தாண்டுகளாவது இசுலாத்தைக் கடைப்பிடித்தவரே தம் சொத்தை வக்பு செய்யலாம் என்று விதித்தது. அரசுக்கும் வாரியத்துக்கும் இடையே ஒரு நிலம் குறித்துச் சிக்கல் வந்தால், அரசு அதிகாரியே விசாரிக்கலாம் என்றது. தமிழ்நாடு சட்டப்பேரவை 2025 மார்ச் 27 அன்றே இம்மசோதாவைத் திரும்பப் பெறுமாறு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. வாரியம் வழிபாட்டு அமைப்பு அல்ல, சொத்தை நிர்வகிக்கும் அமைப்பே என்பது ஒன்றிய அரசின் பதில். இருக்கட்டும். ஆனால் நம் பங்கின் நிதிக்குழுவில் பிற சமயத்தவர் சிலரை அமர்த்தவேண்டும் என்று நாளை ஒரு சட்டம் வந்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்போம். பாய்க்கு அப்படித்தான் இருந்தது.

நண்பர்கள் மீண்டும் பேசிக்கொண்டது ஒரு துக்க வீட்டில். அருகருகே உட்கார நேர்ந்தது. சற்று நேரம் கழித்துப் பாய் மெதுவாகக் கேட்டார்: "சார், ஒண்ணு கேக்கறேன். முனம்பத்துல அந்த ஜனங்க வீட்டைக் காலி பண்ணணும்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

நம்மவர் யோசித்துப் பார்த்தார். சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை.

சண்டையின் முடிச்சு இங்கேதான் இருந்தது. முனம்பத்து ஏழைகள் தங்கள் வீட்டில் நிம்மதியாக வாழலாமா என்ற கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் சமயச் சொத்தை யார் நிர்வகிப்பது என்ற கேள்விக்கு மற்றவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கேள்விகள் இரண்டு. ஒரே சட்டத்தில் இரண்டும் கட்டப்பட்டிருந்ததால், 'ஆதரிக்கிறாயா, எதிர்க்கிறாயா' என்ற ஒற்றைக் கேள்வியாக அவை நம் காதில் விழுந்தன. அரசியல் பேச்சில் நம்மைப் பிரிப்பது பெரும்பாலும் இதுவே. எதிரே இருப்பவர் எந்தக் கேள்விக்கு 'இல்லை' என்கிறார் என்று அறியாமலேயே அவரை எதிரியாக்கி விடுகிறோம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்குக் கேரளத்திலேயே சான்று உண்டு. 2024 நவம்பரில் முஸ்லிம் லீக் தலைவர் பாணக்காடு சாதிக் அலி சிகாப் தங்கள், கட்சித் தலைவர்களுடன் கொச்சியில் உள்ள வராப்புழை பேராயர் இல்லத்துக்கு வந்து இலத்தீன் ஆயர்களைச் சந்தித்தார். முனம்பம் மக்களை வெளியேற்றக்கூடாது என்பதே அவர்களின் நிலைப்பாடு. அதே கட்சி 2025 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் வக்பு மசோதாவை எதிர்த்தது. இதில் முரண்பாடு இல்லை. வாசல் தேடி வந்து பேசியதால் இது தெரிந்தது. தொலைக்காட்சி விவாதத்தை மட்டும் கேட்டிருந்தால் தெரிந்திருக்காது.

நற்செய்தியில் வரும் நத்தனியேலை நினைத்துக்கொள்வோம். நாசரேத்து என்ற ஊரின் மேல் அவருக்கு நல்லெண்ணம் இல்லை. அங்கிருந்து நல்லது எதுவும் வராது என்பதே அவரது கருத்து. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனாலும் பிலிப்பு அழைத்தபோது எழுந்து சென்று பார்த்தார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, கபடற்றவர் என்று பாராட்டினார். திறந்த மனம் என்பது கருத்தே இல்லாத மனம் அன்று. கருத்து வைத்துக்கொண்டே எழுந்து சென்று பார்க்கும் மனம்.

புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழியும் காட்டியிருக்கிறார். பிறர் சொல்வதை முதலில் நல்ல பொருளில் எடுத்துக்கொள்ள முயலவேண்டும். முடியவில்லையென்றால், எந்தப் பொருளில் சொன்னார் என்று அவரிடமே கேட்கவேண்டும். அது தவறாக இருந்தால் அன்போடு திருத்தவேண்டும். நாமோ மூன்றாவது படியிலிருந்து தொடங்குகிறோம், அதுவும் அன்பை விட்டுவிட்டு!

பின்னர் நடந்தவையும் நமக்குப் பாடம். சட்டம் நிறைவேறிய அதே வாரத்தில், ஆர்.எஸ்.எஸ். சார்புடைய 'ஆர்கனைசர்' இதழின் இணையதளத்தில், வக்பு வாரியத்தைவிடக் கத்தோலிக்கத் திருச்சபையிடமே அதிக நிலம் இருப்பதாக ஒரு கட்டுரை வந்தது. கண்டனம் எழுந்ததும் நீக்கப்பட்டது. ஏப்ரல் 15 அன்று முனம்பம் வந்த ஒன்றிய அமைச்சர் கிரண் ரிஜிஜு, மக்கள் சட்டப் போராட்டத்தைத் தொடரவேண்டியிருக்கும் என்றார். செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், சட்டம் முழுவதையும் நிறுத்த மறுத்தாலும், ஐந்தாண்டு விதி உட்படச் சில பிரிவுகளை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. பாயின் கவலை வீண் கவலை அல்ல என்று தெரிந்தது. அக்டோபரில் கேரள உயர் நீதிமன்ற அமர்வு, 1950-ஆம் ஆண்டுப் பத்திரம் வக்பு அல்ல, தானமே என்றது. நம்மவரின் கருத்துக்கும் வலு இருந்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அம்முடிவை நிறுத்தி வைத்து, அப்போதைய நிலையே தொடர ஆணையிட்டது. நீதிமன்றங்களே படிப்படியாகத்தான் முடிவுக்கு வருகின்றன. நாம் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இரு சமூகங்களுக்கும் கருத்து வேறுபாடு புதிதும் அல்ல. 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் இசுலாமியருக்குத் தனித்தொகுதி வேண்டும் என்று வாதிட்டார். அதே மாகாணத்திலிருந்து சென்ற இயேசு சபைக் குரு ஜெரோம் டிசோசா, சிறுபான்மையினருக்குத் தனி இட ஒதுக்கீடு கைவிடப்படுவதை ஆதரித்தார். எதிரெதிர் நிலைகள். ஆயினும் இருவரும் ஒரே அவையில் அமர்ந்து ஒரே அரசியலமைப்பை உருவாக்கினார்கள்.

பேச்சு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் நம் கடற்கரை கண்டிருக்கிறது. 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்தில் நடந்த சித்திரை முழுநிலவு விழாவுக்குச் சென்றவர்களுக்கும் தலித் மக்களுக்கும் இடையே மரக்காணத்தில் மோதல் வெடித்தது. வீடுகள் எரிந்தன; உயிரிழப்பும் நேர்ந்தது. அது சாதியின் பெயரால் மூண்ட தீ, சமயத்தின் பெயரால் அல்ல. ஆனால் அண்டை வீட்டாரிடம் நேரில் கேட்காமல், அவரைப் பற்றி மூன்றாமவர் சொல்வதை நம்பும் பழக்கம் எந்தத் தீக்கும் விறகாகும்.

திறந்த மனம் என்பதற்காகப் பொய்யை உண்மை என்று ஏற்கவேண்டியதில்லை. ஒரு சமூகத்தையே இழிவாகப் பேசுகிறவரிடம் தலையாட்டவும் வேண்டாம். அங்கே தெளிவாக 'இது தவறு' என்று சொல்வதே அன்பு. நாம் கேட்பது சிறிய காரியங்களையே. பதில் சொல்லுமுன், "நீங்கள் சொல்வது இதுதானே?" என்று அவர் கருத்தை நம் வாயால் சொல்லிப் பார்ப்போம். அவர் 'ஆம்' என்ற பிறகு நம் மறுப்பைச் சொல்வோம். அவர் சொன்னதில் சரியானது ஒன்றாவது இருந்தால் அதைத் தயங்காமல் ஒப்புக்கொள்வோம். அன்பியக் கூட்டத்தில் அரசியல் பேச்சு வந்தால், வேறு கட்சிக்கு வாக்களிக்கும் நம் சகோதரருக்கும் இதே மரியாதையைத் தருவோம். வெளியே பேசுமுன் வீட்டுக்குள் பழகுவது நல்லதல்லவா?

தேர்தல்கள் வரும், போகும். சட்டங்கள் இயற்றப்படும், திருத்தப்படும். நாளை நம் வீட்டில் ஒரு துக்கம் என்றால் முதலில் ஓடி வருபவர் அடுத்த தெருக்காரர்தான்.

அந்த இரு நண்பர்களும் இன்றும் அந்தச் சட்டத்தில் ஒத்துப்போகவில்லை. ஆசிரியர் அதன் சில பிரிவுகள் தேவையே என்கிறார். பாய் கூடவே கூடாது என்கிறார். ஆனால் நாளிதழைக் கையில் எடுக்கும்போது பாய் கேட்கும் முதல் கேள்வி: "முனம்பத்து ஜனங்களைப் பத்தி ஏதாவது போட்டிருக்கானா சார்?" ஆசிரியர் தேடுவது வக்பு வழக்குச் செய்தியை.