சாமைக்கும் ஐந்து, சாக்லெட்டுக்கும் ஐந்து!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. குளிர் தேடி வருவோருக்கு அது 'ஏழைகளின் ஊட்டி'. சேர்வராயன் மலைக்கே உரியவரான மலையாளிப் பழங்குடியினருக்கோ அது வாழ்வு! சரிவிலே சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, அதையே சோறாக்கி, களியாக்கி உண்டு, ஏறி இறங்கி உழைத்து உரம் பெற்ற கூட்டம் அது. இன்று அதே வளைவுகளில் லாரியேறி வருகிறது பொட்டலத் தீனி. உள்ளே உப்பும் எண்ணெயும் சர்க்கரையும், வெளியே பளபளப்பு! மலைக் கிராமத்துப் பெட்டிக்கடையிலும் சரஞ்சரமாகத் தொங்குகிறது.

தொங்கினால் என்ன என்பீர்கள். கணக்கைப் பாருங்கள். இந்தியாவிலே 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் உடற்பருமனுக்கு ஆளானோர் 1990-இல் ஏறத்தாழ 4 இலட்சம். 2022-இல் 1 கோடியே 25 இலட்சம்! இது கொழுகொழுவென்ற அழகல்ல, தோழர்களே! வாலிபத்தில் ஊளைச்சதை, அதன் வால்பிடித்து நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, கல்லீரலில் கொழுப்பு. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கவேண்டிய வயதிலே மருந்துச் சீட்டு! பள்ளியிலே 'குண்டு' என்ற ஏளனம் வேறு.

காரணம் யார்? தலையெழுத்து என்பார் வைதீகர். நாவடக்கம் இல்லை என்பார் சீமான். நாம் கேட்கிறோம்: பழம் இரண்டு நாளில் அழுகும், பொட்டலம் மாதக்கணக்கில் தொங்கும், பெட்டிக்கடைக்காரர் எதை வாங்கி வைப்பார்? இரவு வேலை முடித்து வரும் தொழிலாளி, அழும் பிள்ளைக்கு எதை வாங்குவார்? ஓடியாட மைதானம் எங்கே? விளையாட்டு நேரத்தைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். தூக்க நேரத்தைக் கைப்பேசி வாங்கிக்கொள்கிறது. குற்றவாளிக் கூண்டிலே மட்டும் குழந்தை!

டில்லி என்ன செய்தது? 2023 உலகச் சிறுதானிய ஆண்டு என்று விழா எடுத்தது. 2025 செப்டம்பர் 22 முதல், 18 சதவிகிதமாயிருந்த சாக்லெட், பிஸ்கட் வரியையும், 12-ஆக இருந்த காரத்தீனி வரியையும் 5 ஆக்கியது வரி மன்றம். இனிப்புக் குளிர்பானத்துக்கு 40 என்றார்கள், சரி, வரவேற்கிறோம். ஆனால் பையிலிட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டி விற்கும் சாமைக்கு? அதற்கும் 5! மலையின் சாமையும் ஆலையின் சாக்லெட்டும் ஒரே தராசிலே! இதுதான் சமநீதியோ?

பொட்டலத்தின் மேல் நட்சத்திரம் போடலாம் என்று 2022-இல் ஒரு வரைவு வந்தது. நட்சத்திரம் பாராட்டா, எச்சரிக்கையா? சிலி நாடு 2016-லேயே 'சர்க்கரை மிகுதி', 'உப்பு மிகுதி' என்று கறுப்பு முத்திரை குத்தியது; முத்திரை பெற்ற பண்டத்தைப் பள்ளியில் விற்கவும் தடை விதித்தது.

1920-இல் நீதிக்கட்சி, சென்னை மாநகராட்சிப் பள்ளியிலே பிள்ளைகளுக்குச் சோறிட்டது. 2022-இல் தமிழகப் பள்ளிகளிலே காலை உணவுத் திட்டம் பிறந்தது. பசித்த பிள்ளையைப் பார்த்து 'உன் தலைவிதி' என்று சொல்லாத இயக்கம் இது. பருத்த பிள்ளையைப் பார்த்து மட்டும் 'உன் குற்றம்' என்று சொல்லலாமா?

தோழர்களே! கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தீனியைப் பள்ளிக்குள்ளும், பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் விதி. உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் அளந்து பாருங்கள். கடைக்காரரிடம் சண்டை வேண்டாம், அவரும் ஏழை. கடலையும் பழமும் வைக்கச் சொல்லுங்கள், நீங்களே வாங்குங்கள். ஊராட்சியிலே மைதானம் கேளுங்கள். சாமை வரியை நீக்கு, எச்சரிக்கை முத்திரை இடு என்று டில்லியின் செவி அதிர முழங்குங்கள்.

கொழுத்த இலாபம் அவர்களுக்கு, ஊளைச்சதை நம் பிள்ளைகளுக்கு! இந்தப் பாகப்பிரிவினையை நாம் ஏற்கமாட்டோம்.