புதுக் கருவிக்குக் காது பழகட்டும்

இலங்கையின் வடக்கே முகமாலையில் மிதிவெடி அகற்றும் பெண்களில் நானும் ஒருத்தி. உலோகம் கண்டறியும் புதுக் கருவியைக் கையில் தந்த அன்றே, "இன்றைக்கு எத்தனை சதுர மீற்றர்?" என்று கேட்கிறார்கள். அது தவறு.

பழைய கருவியின் தலையை அசைத்தால்தான் சத்தம் வரும். உலோகத்துக்கு மேல் நிறுத்தினால் அடங்கிவிடும். புதியது நிறுத்தினாலும் விடாமல் கத்தும். கையோ பழைய வேகத்தில்தான் ஆடுகிறது. சத்தத்தின் நடு எதுவென்று பிடிபட நாளாகும். நாங்கள் தேடும் பி4 மிதிவெடியின் உடல் பிளாஸ்டிக், உள்ளே உலோகம் மிகக் கொஞ்சம். ஷெல் சிதறல்கள் நிறைந்த பழைய போர்முனையில் அந்த மெல்லிய ஒலியைக் காதுதான் பிரித்தெடுக்க வேண்டும். காலையில் சோதனைத் துண்டின்மேல் பிடித்துப் பார்த்தால் கருவி வேலைசெய்வது தெரியும். அது எனக்குப் பழகிவிட்டதா என்பது தெரியாது.

மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையின்படி அவற்றை அகற்றி முடிக்க இலங்கைக்கான கெடு 2028 யூன் 1. காணிக்காரரும் காத்திருக்கிறார்கள், அவசரம் எங்களுக்கும் உண்டு. ஆனாலும் அதே மண்ணில் வெடியில்லாத பயிற்சித் தடம் அமையுங்கள். புதைத்த துண்டுகளை ஒன்றுவிடாமல் கண்டுபிடிக்கும்வரை எவரையும் புதுக் கருவியோடு வெடிநிலத்துக்குள் அனுப்பாதீர்கள். அந்த நாட்களில் சதுர மீற்றர் கணக்குக் கேட்காதீர்கள்.