விலை கொடுத்தவன் குடிக்கூலிக்காரனா?

சித்தேரி மலையில் வீட்டுக் கூரைகளின் மேல் வானத்தைப் பார்த்து நிற்கும் டிஷ் குடைகளைக் கண்டுவிட்டு, "மலை ஜனங்களுக்கு இனி என்ன குறை? டெலிவிஷன்கூட வந்துவிட்டதே!" என்று சொல்லிவிட்டுப் போகிற கனவான்கள் உண்டு. வந்துவிட்டது வாஸ்தவம்தான். ஆனால் யாருடைய செலவில் வந்தது, வந்தபின் மாதா மாதம் யார் மடியிலிருந்து எவ்வளவு போகிறது, போன பணத்துக்கு ஈடாக அந்த வீட்டில் தங்குவது என்ன என்ற கேள்விகளை அவர்கள் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

அரூர்ப் பக்கத்து மலைத்தொடரில் அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் ஊராட்சி சித்தேரி. சாமையும் தினையும் மரவள்ளியும் பயிரிட்டும், அது போதாமல் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குப் போயும் பிழைக்கிற மலையாளிப் பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். ஒரு கொட்டாய்க்கும் அடுத்த கொட்டாய்க்கும் நடுவே காடும் ஓடையும் கிடக்கிற இடத்தில் கேபிள் கம்பி இழுப்பது லாபமான காரியம் அல்ல. ஆகவே டிஷ். டிஷ்ஷுக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு ஒரு கம்பெனி.

இந்தப் பெட்டியின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். காசு கொடுத்தது குடியானவன். வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது அவன். ஆனால் ஒரு கம்பெனியின் சேவை பிடிக்காமல் அடுத்த கம்பெனிக்கு மாறினால், அந்தப் பெட்டி செங்கல்லுக்குச் சமானம். செல்போனில் சிம் கார்டை மாற்றுவதுபோல இதிலும் மாற்ற வழி வேண்டும் என்று டிராய் என்னும் ஒழுங்குமுறை ஆணையமே 2020 ஏப்ரலில் சிபாரிசு செய்தது. சிபாரிசு டெல்லியில் இருக்கிறது. செங்கல் சித்தேரியில் இருக்கிறது.

2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை அமலுக்கு வந்தபோது என்ன சொன்னார்கள்? "இனி நீங்கள் பார்க்கிற சேனலுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும்" என்றார்கள். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. முதலில் 100 சேனல்களுக்கு வலைப்பின்னல் கட்டணம் 130 ரூபாய். அதற்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு. இது பந்தியில் உட்காருவதற்கான கூலி. சாப்பாட்டுக்குக் காசு தனி. கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. தொகுப்பில் சேரும் சேனலுக்கு 19 ரூபாய் வரை போகலாம். தனியாக எடுத்தால் விலை கடிக்கிறது. தொகுப்பாக எடுத்தால் வேண்டாத சேனல் பத்து தலையில் விழுகிறது. தனி விலையை உயர்த்தி வைத்துத் தொகுப்புக்கு 70 சதவிகிதம் வரை தள்ளுபடி காட்டுகிறார்கள் என்று அதே டிராய் அதே ஆண்டிலேயே குறைபட்டுக்கொண்டது. குறைபட்டுக்கொண்ட ஆணையம் பிறகு செய்தது என்ன? 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையே எடுத்துவிட்டது! போட்டி வந்துவிட்டதாம், சந்தை பார்த்துக்கொள்ளுமாம். எந்தச் சந்தை எந்த ஏழைக்காக எதைப் பார்த்துக்கொண்டது என்று நமக்குத் தெரியவில்லை.

டெலிவிஷன் இப்படியென்றால், கையிலிருக்கும் செல்போனின் சங்கதி இதைவிட வேடிக்கை. உலகத்துக்கெல்லாம் மாதம் 30 நாள், 31 நாள். செல்போன் கம்பெனிகளுக்கு மட்டும் 28 நாள். அமாவாசைக் கணக்கும் இல்லை, ஆங்கிலக் கணக்கும் இல்லை. இது முதலாளிக் கணக்கு. இதனால் வருஷத்துக்கு 12 தடவைக்குப் பதில் 13 தடவை ரீசார்ஜ் செய்ய வேண்டும். இதைத் தட்டிக் கேட்டதன்பேரில், 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் உத்தரவிட்டது. ஒன்று வைத்தார்கள், மற்றவை 28லேயே நிற்கின்றன. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் அநேகமாக ஒரே வாரத்தில் சேர்ந்தாற்போல் விலையை ஏற்றின. 28 நாளுக்கு 239 ரூபாய் என்றிருந்த ஜியோ திட்டம் 299 ரூபாய் ஆயிற்று.

இனி ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக்கு ஒரே ஒரு செல்போன் என்றே வைத்துக்கொள்வோம். அந்த 299ஐ 13ஆல் பெருக்கினால் 3,887 ரூபாய். டிஷ்ஷுக்கு, பழைய 153 ரூபாய் 40 காசையே 12 மாதத்துக்கு வைத்தால் 1,840 ரூபாய் 80 காசு. பையனுக்குக் கிரிக்கெட் வேண்டும். 2025இல் அதற்கான செயலி மூன்று மாதத்துக்கு 149 ரூபாய் கேட்டது, வருஷத்துக்கு 596. மொத்தம் 6,300 ரூபாய்க்கு மேல் ஆகிறது. இதில் கட்டணச் சேனல் ஒன்றின் விலைகூடச் சேரவில்லை. இத்தனையும் செலுத்திய பிறகு, தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் அறுந்து சக்கரம் சுற்றுகிறது. நாள் ஒன்றுக்கு இத்தனை ஜி.பி. என்று கொடுத்த டேட்டாவை டவர் எட்டாத கொட்டாயில் இருப்பவன் செலவழிக்க முடியாது. இரவு 12 மணிக்கு அது காலாவதி. ரேஷன் கடையில் வாங்காத அரிசிக்கு யாரும் பணம் கேட்பதில்லை. இங்கே வாராத சிக்னலுக்குப் பணம் முன்கூட்டியே போய்விடுகிறது.

"சேவை நின்றால் நஷ்டஈடு உண்டே" என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். உண்டு. 2024இல் வந்த புதிய தர விதிகளின்படி, 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் ரீசார்ஜ் நாட்களை நீட்டித்துத் தர வேண்டும். ஆனால் நிற்க வேண்டியது எது? மாவட்டம்! தர்மபுரி மாவட்டமே இருண்டால்தான் அது சேவைத் தடை. ஒரு மலை மட்டும் இருண்டு கிடந்தால் அது இயற்கையின் லீலை போலும்.

வாச்சாத்தியின் கொடுமையைக் கண்ட மலையடிவாரம் இது. 1992 ஜூனில் நடந்த அக்கிரமத்துக்கு 2011 செப்டம்பரில் தீர்ப்பும், 2023 செப்டம்பரில் அதை உறுதிசெய்த ஹைகோர்ட் தீர்ப்பும் வரும்வரை போராடிய மக்கள். அவர்களுக்கு ரோடும் ஆஸ்பத்திரியும் பட்டாவும் முக்கியமா, டி.வி.யும் செல்போனும் முக்கியமா என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கக்கூடும். முன்னவைதான் முக்கியம், சந்தேகமில்லை. ஆனால் 2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது, பாடம் கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் செல்போன் வழியாகவும்தானே வந்தது? அன்றைக்குப் படிப்பாக இருந்தது இன்றைக்கு எப்படி ஆடம்பரம் ஆகும்? பகலெல்லாம் மண்வெட்டி பிடித்தவள் ராத்திரி அரை மணி நேரம் ஒரு தொடர் பார்க்க ஆசைப்படுவதும் குற்றமா? அந்த அரை மணிக்கும் வாரி வாரி விலை வாங்குகிறார்களே, அது அல்லவா குற்றம்!

இதைவிடப் பெரிய மோசடி ஒன்று "வாங்கு" என்ற சொல்லில் இருக்கிறது. செயலிகளில் ஒரு படத்துக்குப் பக்கத்தில் "வாங்கு" என்று பொத்தான் இருக்கும். பணம் கட்டி அழுத்தினால் கிடைப்பது பொருள் அல்ல, பார்க்க அனுமதி. அனுமதி கொடுத்தவன் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 2009 ஜூலையில் அமேசான் கம்பெனி, ஜார்ஜ் ஆர்வெல்லின் "1984" என்ற நாவலைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் மின்படிப்புக் கருவியிலிருந்து, அவர்கள் அறியாமலேயே அழித்துவிட்டது. விற்றவருக்கு உரிமை இல்லை என்று காரணம் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு மன்னிப்பும் கேட்டது. புத்தகக் கடைக்காரன் ராத்திரி வீடு புகுந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேஜைமேல் காசை வைத்துவிட்டுப் போனால் நாம் அதற்கு என்ன பெயர் வைப்போம்? முதலாளித்துவத்தின் தலைநகரமான அமெரிக்காவிலேயே, கலிபோர்னியா மாகாணம் 2024இல் ஒரு சட்டம் செய்தது. 2025 ஜனவரி முதல், டிஜிட்டல் பொருளை விற்கும்போது "இது அனுமதி மட்டுமே" என்று வெளிப்படையாகச் சொல்லாமல் "வாங்கு" என்று எழுதக்கூடாது. நமது நாட்டில் அந்த அளவுக்குக்கூட இல்லை. நமது டெலிவிஷன் தொடர்களையோ விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ள அநேகமாக வழியே கிடையாது. ஆயுள் முழுதும் வாடகைதான்.

வாடகையிலாவது நாணயம் உண்டா? ஐ.பி.எல். கிரிக்கெட்டின் இணைய உரிமை 2023இல் ஹாட்ஸ்டாரிடமிருந்து ஜியோசினிமாவுக்குப் போனது. 2025 பிப்ரவரியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. முன்பு இரண்டு கடை; இப்போது ஒரே கடை. விளம்பரம் இல்லாமல் பார்ப்பதற்காகத்தான் சந்தா கட்டினார்கள். அந்தச் சந்தாவுக்குள்ளேயே அமேசான் பிரைம் 2025 ஜூன் முதல் விளம்பரத்தைப் புகுத்தி, அதை எடுக்க மாதம் 129 ரூபாய் தனியே கேட்டது.

சர்க்கார் கடை என்றால் பத்திரமா என்று கேட்டால், அங்கேயும் பாடம் இருக்கிறது. 2006இல் வந்த தி.மு.க. ஆட்சி இலவசக் கலர் டி.வி. கொடுத்தது. 2011இல் வந்த அ.தி.மு.க. ஆட்சி அரசு கேபிளை மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தது. இரண்டும் ஏழை வீட்டுக்குப் பயன்பட்டவை, மறுக்கவில்லை. ஆனால் 2022 நவம்பரில், மென்பொருள் கொடுத்த தனியார் நிறுவனத்தோடு ஏற்பட்ட தகராறில் அரசு கேபிளின் பெட்டிகள் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே சமயத்தில் இருண்டு போயின. பெயர் சர்க்காருடையது, சாவி தனியாரிடம்.

ரேடியோ வைத்திருப்பவர் தபாலாபீசில் வருஷத்துக்கு ஒரு தடவை லைசென்ஸ் கட்டிய காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஒரே லைசென்சில் சென்னையும் கேட்டது, திருச்சியும் கேட்டது, கடல் கடந்த இலங்கை வானொலியும் கேட்டது. வாங்கக் கதியற்றவனுக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. இன்றும் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் மாதக் கட்டணம் இல்லாமல்தான் கிடைக்கிறது. ஆனால் அதைத் திருப்பினால் இந்திச் சேனல்களின் அணிவகுப்பு, டி.டி. தமிழைத் தாண்டித் தமிழ்ச் சேனல்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சேனல் இடங்களை ஏலத்தில் விட்டால் பெரிய சந்தைக்காரன்தானே எடுப்பான்? தமிழுக்கென்று ஒரு பங்கை ஏலத்துக்கு வெளியே ஒதுக்கினால் சித்தேரியின் பாதி பாரம் குறையும்.

தொலைபேசி வசதி இல்லாத ஊர்களுக்கென்று கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவிகிதம் பிடித்து வைக்கும் நிதி மத்திய சர்க்காரிடம் இருக்கிறது. 24,680 ஊர்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய மந்திரிசபை 2022 ஜூலையில் ஏற்றது. அந்தப் பட்டியலில் சித்தேரி ஊராட்சியின் எத்தனை சிற்றூர்கள் உள்ளன, அவற்றில் எத்தனையில் டவர் உயிரோடு இருக்கிறது என்பதை மாவட்ட நிர்வாகம் பகிரங்கமாக ஊராட்சி மன்றச் சுவரில் எழுதி ஒட்டட்டும். நஷ்டஈட்டு விதியில் "மாவட்டம்" என்பதை "ஊராட்சி" என்று மாற்றவும், 28 நாள் மாதத்தை ஒழிக்கவும், பெட்டியைப் பொதுப் பெட்டியாக்கவும் தர்மபுரி பார்லிமெண்ட் உறுப்பினர் அடுத்த கூட்டத்திலேயே கேள்வி கொடுக்க வேண்டும். கொடுத்தாரா, மந்திரி என்ன பதில் சொன்னார் என்பதை இதே பத்தியில் வெளியிடுவோம்.