முஷ்டியைக் குறை சொல்லாதீர், திடலைக் கொடுங்கள்!

அடிதடி வழக்கில் பிடிபட்ட மகனுக்காக நீதிமன்ற வாசலில் காத்திருந்த ஒரு தாய், என்னிடம் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். ஜாமீன் பத்திரம் என்று நினைத்தேன். பையன் பள்ளியில் ஓடி வாங்கிய நற்சான்றிதழ்கள் அவை. “நல்லா ஓடுவான் சார். அதுக்கு மேல எங்க கொண்டு போறதுன்னு எங்களுக்குத் தெரியல” என்றார்.

“நம் பையன்களுக்கு முஷ்டியைத் தவிர என்ன தெரியும்?” என்று நம் தலைவர்களே மேடையில் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தியோபிலோ ஸ்டீவன்சன் கதையைச் சொல்ல வேண்டும்.

1952இல் கியூபாவில், கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த புவெர்த்தோ பாட்ரேயில் பிறந்தவர். கறுப்பினத்தவர். தந்தை செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து பிழைக்க வந்தவர். அன்றைய கியூபாவில் வசதியானவர்களின் கிளப்புகளில் கறுப்பருக்கு இடமில்லை. 1959 புரட்சிக்குப் பின் அந்தக் கதவுகள் திறந்தன. 1961இல் விளையாட்டுக்கென்று தேசியக் கழகம் அமைந்தது. அல்சிடெஸ் சகாரா போன்ற பயிற்றுநர்கள் ஸ்டீவன்சனை வளர்த்தார்கள்.

1971இல் அமெரிக்காவின் டுவேன் போபிக்கிடம் தோற்றார். அதோடு அவரை யாரும் ஓரங்கட்டவில்லை. மறு ஆண்டே மியூனிக் ஒலிம்பிக்கில் அதே போபிக்கை வீழ்த்தித் தங்கம் வென்றார். 1976, 1980இலும் தங்கம்! ஒரே எடைப்பிரிவில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் குத்துச்சண்டை வீரர் அவர்தான். 1974, 1978, 1986இல் உலக அமெச்சூர் சாம்பியன். முகமது அலியோடு மோத மில்லியன் கணக்கில் டாலர் தருவதாக அழைத்தும் போகவில்லை. கியூப மக்களின் அன்பே பெரிது என்றார். 2012இல் காலமானார்.

முஷ்டி ஒன்றுதான். வளையம் கிடைத்தால் சாம்பியன். கிடைக்காவிட்டால் லோக்காப்!

கியூப அரசும் உத்தமமல்ல. 2000, 2004 ஒலிம்பிக் தங்கம் வென்ற ரிகொண்டோ, 2007இல் ரியோவில் அணியை விட்டு வெளியேறினார். நாடு திரும்பிய பின் அவரை மீண்டும் வளையம் ஏறவிடவில்லை. தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு 1962இல் போட்ட தடை 2022இல்தான் தளர்ந்தது. கொடுத்த கையே பறிக்கவும் செய்யும். அதனால்தான் நாம் சலுகை கேட்கவில்லை, உரிமை கேட்கிறோம்.

நம் அரசியலமைப்பின் 12ஆவது பிரிவு, அரசாங்கக் கல்விக்கூடங்களின் நிர்வாகத்திலும் மாணவர்களுக்கான பொது நிதி உதவியிலும் இனத்தின் பேரால் பாரபட்சம் கூடாது என்கிறது. அப்படியிருக்க, நிலம் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்பதற்காகப் பல தமிழ்ப்பள்ளிகள் இன்னும் பகுதி உதவிப் பள்ளிகளாகவே இருப்பதேன்? திடலில்லாத பள்ளியில் நம் பிள்ளை எங்கே ஓடுவான்?

பெற்றோர்களே! அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். திடல் உண்டா? பயிற்றுநர் உண்டா? மாவட்ட அளவில் வென்ற பிள்ளையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போவது யார் பொறுப்பு? இதையே கல்வி இலாகாவுக்கும் எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லையா? அந்த நகலோடு எங்களிடம் வாருங்கள்.

நம் பிள்ளையின் சான்றிதழை முதலில் பார்ப்பவர் விளையாட்டுப் பயிற்றுநராக இருக்கட்டும். வழக்கறிஞராக இருக்க வேண்டாம்!