தோற்ற டாங்கிக்கு ஒரு பொம்மை

போரில் வென்ற டாங்கிகளைக் காட்சிசாலையில் வைக்கிறார்கள். சோதனையிலேயே தோற்றவை பெரும்பாலும் பழைய இரும்புக்குப் போய்விடுகின்றன.

ரஷ்யாவில் லெபெதென்கோ என்பவர் ஒரு ராட்சத டாங்கியைச் செய்தார். முன்னால் இரண்டு சக்கரங்கள். ஒவ்வொன்றும் சுமார் 9 மீட்டர் உயரம்! பின்னால் ஒரு சிறு உருளை. 1915-ம் ஆண்டு மாஸ்கோவுக்கு வடக்கே சோதனை நடந்தது. உருளை மண்ணில் புதைந்தது. டாங்கி நின்றுவிட்டது. 1923-ல் அதை உடைத்து விற்றார்கள்.

இன்று அதைப் படத்தில் பார்க்கலாம். சுற்றிப் பார்க்க வேண்டுமானால் மாதிரிப் பொம்மைதான்.

இத்தகைய வண்டிகளை வாங்குவோர் சிலரே. பிளாஸ்டிக் பொம்மைக்கான எஃகு அச்சோ பெருஞ்செலவு பிடிக்கும். ஆகவே சிறு தொழில் செய்வோர், ரப்பர் அச்சில் ரெசின் என்னும் செயற்கைப் பிசினை ஊற்றிக் கொஞ்சமாக வார்க்கிறார்கள். அதனால் விலையும் அதிகம்.

"உதவாத வண்டிக்கு இவ்வளவு காசா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமே. ஆனால், 72-ல் ஒரு பங்காகச் செய்தால் அந்தச் சக்கரம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். மேஜைமேல் வைத்துப் பார்த்தால், இவ்வளவு பெரிய வண்டிக்கு அவ்வளவு சிறிய உருளையா என்று பள்ளிப் பிள்ளையே கேட்பான்.

வென்றதை மட்டும் காத்தால் பெருமை வளரும். தோற்றதையும் காத்தால் அறிவு வளரும்.