‘மனம் தங்கம்’ என்னும் சாக்கு

நம்மவரிடையே ஒரு பேச்சுண்டு. ‘அவர் வாய்தான் பொல்லாதது, மனம் தங்கம்’ என்போம். கூலியைக் குறைத்துக் கொடுப்பவரைப் பற்றியும், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனிக் குவளை வைத்திருப்பவரைப் பற்றியும்கூட இதையே சொல்லிச் சமாதானம் அடைகிறோம். செயல் எவ்வாறிருப்பினும் உள்ளே எங்கோ ஒரு நல்ல மனம் கெடாமல் இருக்கிறதாம். இந்த நம்பிக்கை விவிலியத்திலிருந்து வந்ததன்று. வந்ததாக நாம் எண்ணிக்கொண்டிருப்பதுதான் வேதனை.

எபிரேயர் இதயத்தை ‘லேவ்’ என்றனர். அது உணர்ச்சி பொங்கும் ஊற்று மட்டுமன்று. எண்ணுவதும், நினைவில் இருத்துவதும், தீர்மானிப்பதும் அங்கேதான். ஆகவே இதயத்தைக் காவல்செய்யுமாறு நீதிமொழிகள் நூல் அறிவுறுத்தும்போது, மென்மையான உணர்ச்சிகளைப் பேணிவரச் சொல்லவில்லை. நம்முள் தீர்ப்பு வழங்கும் இருக்கையைக் காக்கச் சொல்கிறது. கிபயோனில் சாலமோன் வேண்டிய வரத்தை எபிரேய மூலம் ‘கேட்கும் இதயம்’ என்றே குறிக்கிறது. பார்வோனுக்கு வாய்த்ததோ கேளாத இதயம். அவனைப் பற்றி விடுதலைப் பயண நூல் ஆளும் சொற்களுள் ஒன்றுக்குக் ‘கனத்துப்போதல்’ என்று பொருள். அவன் மனம் வருந்தாதவன் அல்லன். கல்மழை பெய்தபோது தன் பாவத்தை வாய்விட்டே அறிக்கையிட்டான். மழை நின்றதும் இதயம் மீண்டும் கனத்தது. இது நம் தவக்கால ஒப்புரவுகளை யாருக்கேனும் நினைவூட்டுமாயின், குற்றம் விவிலியத்தினுடையதன்று.

நல்ல மனத்தின் போதாமைக்கு ஒரு குருவின் வரலாறே சான்று. ஸ்பெயின் நாட்டவரான பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் 1502-இல் கரீபியத் தீவுகளுக்குச் சென்றார். குருவான பின்னும் கியூபாவில் நிலமும், உழைக்கப் பூர்வகுடி மக்களும் அவர் வசமிருந்தனர். அவர்களிடம் தாம் கனிவோடு நடந்துகொண்டதாகப் பின்னாளில் அவரே எழுதினார். ஆயினும் அவர்கள் அவருக்காகச் சுரங்கத்தில் உழைத்துக்கொண்டுதான் இருந்தனர். இத்தகையோரை அடிமைகொள்வதைக் கண்டித்து 1511-இல் தொமினிக்கன் சபைத் துறவி மொந்தேசினோஸ் மறையுரை ஆற்றினார். அதுவும் லாஸ் காசாசை அசைக்கவில்லை. 1514-இல் பெந்தக்கோஸ்து விழா மறையுரைக்கு ஆயத்தம் செய்கையில் சீராக்கின் ஞானம் 34-ஆம் அதிகாரம் அவர் கண்ணில் பட்டது. ஏழையிடமிருந்து பறித்ததைப் பலியாக்குவதைப் பெற்றோர் எதிரே பிள்ளையைக் கொல்வதற்கு ஒப்பிடும் பகுதி அது. கூலியைப் பிடித்துக்கொள்பவனையும் அது கொலைகாரர் வரிசையிலேயே நிறுத்துகிறது. பலி நிறைவேற்றும் கைகள் தம்முடையவை என்பதை அவர் அன்று உணர்ந்தார். ஆகஸ்டு 15-ஆம் நாள் மறையுரையில், தம்மிடமிருந்த மக்களை விட்டுவிட்டதாக எல்லாரும் அறிய அறிவித்தார்.

கதையை இங்கே முடித்தால் நமக்கு வசதிதான். ஆனால் அதே மனிதர் 1516-இல், பூர்வகுடிகளின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று யோசனை கூறினார். அதற்காகப் பிற்காலத்தில் மனம் நொந்து எழுதினார். ஒருபுறம் திறந்த செவி மறுபுறம் அடைபட்டே இருந்தது. கேட்கும் இதயம் ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டிவைக்கும் நகையன்று என்பதை அவருடைய பிழையே நமக்குக் கற்பிக்கிறது.

நம் இல்லங்களில் திரு இதயப் படம் தொங்காத வீடு அரிது. முதல் வெள்ளிக்கிழமைகளில் ஆலயம் நிரம்புகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2024 அக்டோபரில் வெளியிட்ட இறுதிச் சுற்றுமடலும் அத்திரு இதயத்தைப் பற்றியதே. நம் கண்ணீரைப் பழிப்பது எம் நோக்கமன்று. இலாசரின் கல்லறையருகே ஆண்டவரும் அழுதார். ஆனால் அழுதபின் கல்லை அகற்றச் சொன்னார். நாமோ அழுதுவிட்டுக் கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வீடு திரும்புகிறோம்.

கல் என்பது இங்கு உவமையன்று. சாதிப் பாகுபாடு பாவம் என்பதை இந்திய ஆயர் பேரவை 2016-இல் தனது தலித் கொள்கை அறிக்கையில் தெளிவுபடுத்தியது. அதற்குப் பின்னும் தமிழகத்தில் நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இறந்தோரைச் சாதிவாரியாகப் பிரிக்கும் சுவர் நின்றது. நவம்பர் 2-ஆம் நாள் அதன் இருபுறமும் தெளிக்கப்பட்டது ஒரே தீர்த்தம்தான்.

அத்தகைய சுவரொன்றைப் பற்றிய பேச்சு, நாம் உறுப்பினராய் அமர்ந்திருந்த ஒரு பங்குப் பேரவையில் எழுந்தது. எவரும் சினந்து பேசவில்லை. எல்லாரும் நல்ல மனத்தினர். ‘இப்போது இதை எடுத்தால் பலர் மனம் புண்படும்’ என்று ஒரு பெரியவர் கனிவாகச் சொன்னார். அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்துத் தேநீர் அருந்தினோம். எவர் மனம் புண்படும் என்று அங்கு ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.